கையில் இருந்த வடிவம்

"இந்த ஆண்டு சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் அண்ணா. ஆனால் ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம். மெஸ் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே பல பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று மலர்க் குழுத் தம்பிகள் போனில் சொன்னார்கள். சாம்பாரைப் பற்றி என்னிடமும் ஒரு கட்டுரை தயாராகத்தான் இருந்தது. பரவாயில்லை, அடுத்த மலருக்கு ஆகட்டும். அதற்குப் பதிலாக, மனிதன் கையை அசைத்துக் கம்ப்யூட்டரில் வடிவங்களை உருவாக்கக் கற்ற வரலாற்றை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். இதில் நாற்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயமும் வருகிறது. அது எதற்கு இங்கே என்று கேட்காதீர்கள், படித்தால் தெரியும்.

நான் 1976ல் பி.யு.சி. முடித்துச் சேர்ந்த ஐந்தாண்டு பி.இ. மெக்கானிக்கல். என் செட் ஆட்களுக்கு டிராயிங் ஹால் மறந்திருக்காது. சாய்வு மேஜை, மினி டிராஃப்டர், 2எச் பென்சில், வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் ஷீட். வைவாவில் ஒரு பாகத்தைப் பற்றிக் கேட்டால் நமக்கு வாய் திக்கும், கை தானாக எழுந்து காற்றில் வட்டம் போடும். உடனே ஆசிரியர், "கையை ஆட்டாதே, பேப்பரில் காட்டு!" என்பார். பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று மூன்று படங்களாகப் பிரித்துப் போட்டால்தான் அது இஞ்சினியரிங். கையால் காட்டுவது தெரியாதவன் செய்கிற வேலை என்று ஐந்து வருடத்தில் நன்றாகப் பதிய வைத்துவிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

1981ல் ஊருக்குக் கிழக்கே ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை கிடைத்தது. கோவைக்குப் பம்ப் எப்படி வந்தது என்று இன்றைய மாணவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1888ல் ஸ்டேன்ஸ் துரை முதல் நூல் மில்லை ஆரம்பித்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்லுக்கு வேண்டிய ஸ்பேர் பாகங்களை வார்க்கப் பட்டறைகள் முளைத்தன. கொங்கு நாட்டுக் கிணறுகளோ ஆழமானவை, கவலை ஓட்டி மாடு களைத்துப் போகும். மின்சாரமும் வார்ப்படமும் ஆழக் கிணறும் ஒரே ஊரில் சேர்ந்தால் பம்ப் பிறக்காமல் என்ன செய்யும்? 1955ல் இதே ஊரில் சபாபதி அவர்கள் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்ததும் இந்தப் பட்டறைச் சூழ்நிலையில்தான்.

வார்ப்படத்துக்கு மூலம் பேட்டர்ன். மரத்தில் செதுக்கிய அச்சு அது. மண்ணில் அதைப் பதித்து எடுத்தால் வருகிற பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். உள்ளே வெற்றிடம் வேண்டுமென்றால் கோர் பாக்ஸ் என்று இன்னொரு மரப்பெட்டி. அதில் மணலை இறுக்கிக் கட்டியாக எடுத்து அச்சுக்குள் வைப்பார்கள். பம்ப்பில் தண்ணீர் ஓடுகிற பாதையின் வடிவம் முழுக்க இந்தக் கோர் பாக்ஸில்தான் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் கூட்டிய ஸ்கேலை வைத்துத்தான் பேட்டர்ன் செய்பவர் அளப்பார். அந்த ஸ்கேலை எடுத்து நான் முதல் வாரமே ஒரு டிராயிங் போட்டு அசடு வழிந்தது தனிக் கதை.

எங்கள் பேட்டர்ன் கடையில் ஒரு ஆசாரியார் இருந்தார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். புது டிராயிங் போனால் முதலில் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு வெற்றிலை போடுவார். பிறகு டிராயிங்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கைகளைக் காற்றில் நகர்த்துவார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களைப் போன்ற புது இஞ்சினியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பரதநாட்டியம்'.

1983ல் ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப்புக்கு நான் வால்யூட் டிராயிங் போட்டேன். வால்யூட் என்பது இம்பெல்லரைச் சுற்றி நத்தை ஓடு போலப் போகிற உறை. நாக்கு என்கிற இடத்தில் குறுகலாக ஆரம்பித்து, சுற்றச் சுற்ற வாய் அகன்று, கடைசியில் டெலிவரி குழாயில் சேரும். அந்த அகலம் சீராகக் கூட வேண்டும். நாற்பத்தைந்து டிகிரிக்கு ஒன்றாக எட்டு செக்‌ஷன் போட்டுக் கொடுப்பது வழக்கம். போட்டேன், கையெழுத்திட்டேன், அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஆசாரியார் கூப்பிட்டார். இடது கையை நீட்டி, பெருவிரலையும் மற்ற விரல்களையும் 'ப' போல வளைத்துப் பிடித்தார். அந்தக் கையை ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றும்போதே பிடி மெல்ல மெல்ல விரிந்தது. பாதிக்குமேல் ஒரு இடத்தில் கை தயங்கி, பிறகு வெடுக்கென்று விரிந்தது.

"இந்த எடத்துல கை நிக்குதுங்க தம்பி. தண்ணியும் நிக்குமுங்க."

நான் டிராயிங்கைத் தட்டிக் காட்டினேன். "அளவு எல்லாம் போட்டிருக்குதுங்களே. அதுப்படி செய்யுங்க ஆசாரியாரே."

"செரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அளவுப்படியே செய்தார்.

முதல் பம்ப் டெஸ்ட் பெஞ்சில் ஏறியது. எதிர்பார்த்த எஃபிஷியன்சி வரவில்லை, அதிர்வு வேறு. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து செக்‌ஷன்களின் பரப்பைக் கிராஃப் தாளில் குறித்தேன். ஏழு புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றன. ஐந்தாவது மட்டும் கீழே இறங்கி நின்றது. கணக்கை டிராயிங்குக்கு மாற்றும்போது நான் செய்த பிசகு. மறுநாள் காலை விசாரணை. மேலாளர் நேராக, "பேட்டர்ன் சரியில்லை" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ப்ரொபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது என்பது என் பக்கத்துக் காரணம். ஆசாரியாரும் ஒன்றும் சொல்லவில்லை. மரத்துக்கான காசை அவர் கூலியில் பிடித்தார்கள். ஐந்தாவது செக்‌ஷனைத் திருத்திய டிராயிங்கை நான் சத்தமில்லாமல் மாற்றி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், புதுக் கோர் பாக்ஸைச் செய்து கொடுத்தார். பம்ப் நன்றாக ஓடியது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் படம் வரைவதன் ஆதி புருஷர் ஐவன் சதர்லாந்து. 1963ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர் சமர்ப்பித்த முனைவர் ஆய்வுதான் 'ஸ்கெட்ச்பேட்'. டி.எக்ஸ்-2 என்ற ராட்சசக் கம்ப்யூட்டர், அதற்கு ஏழு அங்குலத் திரை, அதில் நேரடியாக வரைய ஒளிப்பேனா. கோணல்மாணலாக நான்கு கோடு போட்டுவிட்டு, இவை இணை, இவை செங்குத்து என்று பொத்தானை அழுத்திச் சொன்னால் படம் தானே நிமிர்ந்து நிற்கும். கவனியுங்கள், ஆரம்பமே கையில்தான்! மனிதன் தோராயமாகக் காட்டுவான், இயந்திரம் சரி செய்துகொள்ளும் என்ற எண்ணம் அன்றே இருந்தது.

1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்ஃபிரான்சிஸ்கோவில் மவுஸைக் காட்டினார். அதே ஆண்டு சதர்லாந்து தலையில் மாட்டிப் பார்க்கும் திரையைச் செய்தார். அந்த வழியில் வந்தவர் யூட்டா பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் கிளார்க். தலையில் திரையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலைப் பிடித்து, வளைந்த பரப்புகளின் புள்ளிகளை வெட்டவெளியில் பிடித்து இழுக்கும் முறையை 1976ல் எழுதினார். நான் டிராயிங் ஹாலில் சேர்ந்த அதே வருடம்! பின்னால் சிலிகான் கிராஃபிக்ஸ், நெட்ஸ்கேப் கம்பெனிகளைத் தொடங்கியவரும் இவரே.

1980ல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் குழு ஒன்று செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் சுவரளவு திரையில் விரலை நீட்டி, 'அதை அங்கே வை' என்று வாயால் சொன்னால் போதும், உருவம் இடம் மாறும். அதே பத்தாண்டில் மைரன் க்ரூகர் என்ற கலைஞர் கேமரா முன்னால் வெறுங்கையை நீட்டி, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் திரையிலுள்ள உருவங்களைப் பிடித்தும் விரித்தும் காட்டினார். இன்று என் பேத்தி போனில் போட்டோவை இரண்டு விரலால் விரிக்கிறாளே, அதற்குத் தாத்தா அவர்தான். 1987ல் ஜேரன் லேனியரின் வி.பி.எல். கம்பெனி, கண்ணாடி இழைகள் தைத்த கையுறையை விற்றது. விரல் மடங்குவது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. விலைதான் சாதாரண மனிதனுக்குத் தெரிய வேண்டாத விலை.

ஆனால் எங்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தது இது எதுவுமில்லை. வந்தது ஆட்டோகேட். 1982 டிசம்பரில் வெளிவந்த மென்பொருள் எங்கள் கம்பெனிக்கு 1989ல்தான் எட்டியது. ஏசி ரூம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகணும், பூஜை அறை மாதிரி. ஒரு வட்டம் வேண்டுமானால் மையத்தின் எண்ணையும் ஆரத்தின் எண்ணையும் தட்ட வேண்டும். துல்லியம் பிரமாதம், மறுக்க முடியாது. என்னைப் போல ஐந்தாவது செக்‌ஷனில் தப்புப் பண்ணுவது குறையும். ஆனால் வடிவத்தை மனதில் எண்ணாக மாற்றத் தெரியாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆசாரியார் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இதுல கைக்கு வேல இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது எள்ளலா ஆதங்கமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

1999ல் ஜப்பானில் டகேயோ இகராஷியும் நண்பர்களும் 'டெடி' என்றொரு மென்பொருள் செய்தார்கள். ஒரு வெளிக்கோட்டைக் கிறுக்கினால் அது பலூன் போல உப்பி முப்பரிமாண பொம்மையாகும். குழந்தைகள் கரடி செய்தார்கள். தொழில் உலகம் அதை விளையாட்டு என்று ஒதுக்கியது. நம் நாட்டில் பிரணவ் மிஸ்திரி 2009ல் விரல்களில் வண்ண நாடாவைச் சுற்றிக்கொண்டு 'சிக்ஸ்த் சென்ஸ்' செய்து காட்டினாரே, அது பலருக்கு நினைவிருக்கும்.

உண்மையான திருப்பம் ஒரு விளையாட்டுச் சாமானில் வந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கு 'கினெக்ட்' என்ற கேமராவை விற்றது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் கம்பெனியின் நுட்பம் அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்க இறைக்கும். புள்ளிகள் எவ்வளவு விலகி விழுகின்றன என்பதைக் கொண்டு ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வினாடிக்கு முப்பது முறை கணக்கிடும். அமெரிக்காவில் 150 டாலர். அதுவரை லட்சக்கணக்கில் செலவழித்து ஆய்வகங்கள் வாங்கிய கண் அது. அதைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் இயக்கிக் காட்டுபவருக்கு 3000 டாலர் என்று அடாஃப்ரூட் நிறுவனம் பரிசு அறிவித்தது. கினெக்ட் கடைக்கு வந்த சில நாளிலேயே ஹெக்டர் மார்ட்டின் என்பவர் அந்தப் பரிசைத் தட்டிச் சென்றார். அப்புறம் ஆய்வாளர்கள் கையில் அது படாத பாடு பட்டது.

இங்கேதான் நம்மவர் வருகிறார். கார்த்திக் ரமணி, சென்னை ஐ.ஐ.டி.யில் 1985ல் மெக்கானிக்கல் பி.டெக். முடித்தவர். ஒஹையோவில் எம்.எஸ்., ஸ்டான்ஃபோர்டில் 1991ல் டாக்டர் பட்டம். பின்னர் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய ஆய்வகத்தில் விநாயக், சுந்தர் முருகப்பன், செசில் பியா ஆகிய மாணவர்கள் கினெக்ட்டின் முன் நின்று பானை செய்தார்கள். 'ஹேண்டி பாட்டர்' என்று பெயர். கையுறை கிடையாது, கோல் கிடையாது, வெறும் கை. திரையில் ஒரு அச்சைச் சுற்றிய வடிவம் நிற்கும். கைகளை அசைத்தால் ஜாடி, கூஜா, விளக்குத் தண்டு என்று உருமாறும். 2013ல் கட்டுரையாக வெளிவந்தது.

பானையை ஏன் பிடித்தார்கள்? அச்சைச் சுற்றிய வடிவத்துக்கு ஒரு ஓரக்கோடு தெரிந்தால் போதும், மீதியைச் சுற்றல் பார்த்துக்கொள்ளும். ஆகவே கை கொஞ்சம் நடுங்கினாலும் பொருள் ஒழுங்காக வரும். எந்த ஊர்க்காரனுக்கும் பானை தெரியும், சொல்லித்தரவும் வேண்டாம். வெட் கிரைண்டரின் கூம்புக் கல் இருக்கிறதே, அதுவும் இந்தச் சாதிதான்.

அதே 2013ல் அந்தக் குழுவின் இன்னொரு கட்டுரை, 'ஷேப் இட் அப்'. அதைப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் அவர்கள் எடுத்துக்கொண்டது பொதுமைப்படுத்திய உருளை. 1971ல் தாமஸ் பின்ஃபோர்ட் என்பவர் கம்ப்யூட்டர் பார்வைக்காகச் சொன்ன கருத்து. நடுவே ஒரு நரம்பு, நேராகவோ வளைந்தோ போகும். அதன் நெடுக ஒரு வெட்டுமுகம் ஓடும், ஓடும்போதே பெருக்கவோ சிறுக்கவோ செய்யும். பாம்பு அப்படி, யானைத் தும்பிக்கை அப்படி, புடலங்காய் அப்படி. வால்யூட்டும் அப்படித்தானே! வளைந்த நரம்பு, சுற்றச் சுற்ற அகலும் வெட்டுமுகம். 'ப' போலப் பிடித்த ஒரு இடது கை, ஒரு சுற்று, மெல்ல விரியும் பிடி. முப்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் பரதநாட்டியம் என்று சிரித்ததற்கு இங்கே சமன்பாடு எழுதியிருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்காக இதை மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறையில் வளர்ந்தவன் என்ற முறையில் குறையையும் சொல்ல வேண்டும். கையை நீட்டிப் பத்து நிமிடம் காற்றில் வேலை செய்து பாருங்கள், தோள் கழன்று போகும். மரமோ மண்ணோ கையைத் திருப்பித் தள்ளும், காற்று தள்ளாது. கினெக்ட்டின் அளவில் தூரத்துக்குத் தகுந்தபடி சில மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரை தடுமாற்றம் இருந்தது. சுருக்க ஸ்கேல் பார்த்து வேலை செய்கிற ஃபவுண்டரிக்காரனிடம் சென்டிமீட்டர் தடுமாற்றம் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். பேப்பரில் முதல் கிறுக்கல் போடுகிறோமே, அந்தக் கட்டத்துக்குத்தான் இது. கடைசி டிராயிங்குக்கு எண் வேண்டும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் விலை பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன தொகை என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. வெளி ஆள் கையை விட்டால் ஒன்றும் புரியாது. அது சைகைதான், ஆனால் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய சைகை. குயவர் சக்கரத்தில் கை வைப்பது அப்படியில்லை. அவர் மண்ணுக்கு எந்தச் சங்கேதமும் சொல்வதில்லை. கை எப்படி வளைகிறதோ மண் அப்படி வளைகிறது, அவ்வளவுதான்.

முதலில் வந்த சைகை மென்பொருள்கள் பெரும்பாலும் துண்டுக்கடிக் கணக்கு. விரலை மடக்கினால் பிடி, விரித்தால் விடு என்று மனிதன் பாடம் படிக்க வேண்டியிருந்தது. இதைச் சுலபம், இயல்பு என்று விளம்பரம் செய்தார்கள். யாருக்கு இயல்பு? பர்டியூ குழு இதைக் கவனித்தது என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. 2014ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில், உள்ளங்கையளவு லீப் மோஷன் கருவியை வைத்து மண்பாண்ட விளையாட்டு ஒன்றைக் காட்டினார்கள். 2015ல் விநாயக்கும் ரமணியும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, சைகை இல்லாத முறை என்று சொல்லிவிட்டார்கள்! கை என்ன சைகை காட்டுகிறது என்று கம்ப்யூட்டர் யோசிக்கவே வேண்டாம், கையின் வடிவத்தை அப்படியே கருவியாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். கை பானையை நெருங்கினால் பானையின் ஓரம் கையின் வடிவத்தை நோக்கி மெல்ல மெல்ல வரும். சட்டென்று பாயாது. தொடு உணர்வு இல்லாத இடத்தில், தள்ளுகிறானா இழுக்கிறானா என்ற குழப்பத்துக்கு அந்த நிதானமே பதில். சைகையில் ஆரம்பித்தவர்களே சைகையை விட்டுவிட்டுக் கையிடம் போனார்கள். விநாயக் பிற்பாடு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கினெக்ட்டுக்கு ஆயுள் குறைவு. 2017ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிரைம்சென்ஸை 2013ல் ஆப்பிள் வாங்கிவிட்டது. 2017ல் வந்த ஐபோன் எக்ஸ் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டதும் புள்ளிகளை இறைத்து அளக்கிற அதே யோசனைதான். கூகுள் 2019ல் வெளியிட்ட மீடியாபைப் மென்பொருளோ சாதாரண வெப்கேமராவில் கையின் 21 புள்ளிகளைப் பிடித்துவிடுகிறது. 150 டாலர்கூட வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம், போன வருடம் நம் கல்லூரிக்கு வந்தபோது மூன்றாமாண்டு மாணவர்கள் சிலர் இதைக் கொண்டு ஒரு சிறு ப்ராஜெக்ட் செய்து வைத்திருந்தார்கள். பழைய டிராயிங் ஹாலில்தான் இப்போது அந்த லேப். என் மேஜை இருந்த இடத்தை அடையாளம் தெரிந்துகொண்டேன், ஜன்னல் மாறவில்லை. ஒரு மாணவி, "கையை நீட்டுங்க சார், எந்த ஷேப் வேணும்னாலும் பண்ணுங்க" என்றாள். "கையை ஆட்டாதே" என்று வாங்கிய திட்டு அதே ஹாலில் காதில் கேட்டது. இடது கையை 'ப' போலப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். திரையில் வந்தது வால்யூட் இல்லை, சூம்பிப்போன சங்கு. பாதிக்குமேல் ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது, திரையிலும் அங்கே ஒரு கழுத்து விழுந்திருந்தது. "ட்ராக்கிங் ப்ராப்ளம் சார், மறுபடி பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண், மரியாதையாக. ட்ராக்கிங்கில் ஒரு ப்ராப்ளமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆசாரியார் 2004லேயே போய்விட்டார். அவர் மகன் கணபதியில் பேட்டர்ன் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். உளி, இழைப்புளி எல்லாம் ஒரு மூலையில். நடுவில் சி.என்.சி. மெஷின். கம்ப்யூட்டரில் மாடல் வருகிறது, மெஷின் குடைந்து தள்ளுகிறது. "வாங்க சார், உக்காருங்க. அப்பாகூட வேல பாத்தீங்களா?" என்று டீ வாங்கித் தந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். 1983, ஐந்தாவது செக்‌ஷன், தப்பு என்னுடையது, கூலி பிடித்தது உங்கள் அப்பாவுக்கு என்று.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்பா கம்பெனி சமாச்சாரம் எதையும் வீட்ல பேச மாட்டாருங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் ஒரு தொகையை ஒரு கவரில் வைத்துக் கொண்டு போயிருந்தேன். அதை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் மெஷின் நின்றது. அவர் எழுந்து போய், அதிலிருந்து ஒரு கோர் பாக்ஸ் பாதியை எடுத்து ஊதித் தூளைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உள்வளைவில் உள்ளங்கையை ஓட்டினார், ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரைக்கும்.

"கம்ப்யூட்டர்ல பாத்துத்தானுங்களே போட்டீங்க, அப்புறம் எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"கை நிக்குதான்னு பாக்கறேனுங்க" என்றார்.

அவரைச் சந்திப்பு நாளன்று கல்லூரிக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று முகூர்த்த நாள் வேறு என்பதால் மதியத்துக்குமேல்தான் முடியுமாம். லேப் மாணவர்கள் தயவுசெய்து மூன்று மணிக்குக் கேமராவை வைத்துக்கொண்டு தயாராக இருங்கள். அந்த ஹாலில் மின்விசிறி ஒன்று ஓடுவதில்லை, சங்கச் செயலாளர் கவனிக்கவும்.